எராஸ்மஸ் பிளஸ் ஒரு செமஸ்டர் உதவித்தொகை: பணம் போதும், தாள் சரியாக இருக்கிறதா?

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு ஊர் திரும்பலாம். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை செலவுக்குத் தருவார்கள். விமானச் செலவுக்குத் தனிப் பணம். எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் 'சர்வதேச கிரெடிட் மொபிலிட்டி' என்ற பிரிவு இதைத்தான் செய்கிறது. எராஸ்மஸ் 1987-இல் ஐரோப்பிய மாணவர்களுக்காகத் தொடங்கியது. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் மாணவர்களுக்கு இந்தக் கதவு 2015-இல் திறந்தது. இப்போது நடப்பது 2021 முதல் 2027 வரையிலான கட்டம்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணத்தைப் பொறுத்தவரை, இளநிலை மாணவர்களுக்குக் கிடைக்கும் குறுகிய காலத் திட்டங்களில் இது நேர்மையான, தாராளமான திட்டம். ஆனால் அங்கே படித்த பாடங்களை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளாவிட்டால், திரும்பி வந்து அதே செமஸ்டரை மறுபடி எழுத வேண்டியிருக்கும். அதைத் தீர்மானிப்பது பிரசல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் அல்ல, உங்கள் துறைத் தலைவரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகமும்தான். இந்தத் திட்டத்தில் சிக்கிக்கொண்டவர்களில் பலர் பணத்தால் சிக்கவில்லை, ஒரு தாளில் கையெழுத்து வாங்காததால் சிக்கியிருக்கிறார்கள்.

எராஸ்மஸ் முண்டஸ் வேறு, இது வேறு

இணையத்தில் 'எராஸ்மஸ்' என்று தேடினால் முதலில் வருவது எராஸ்மஸ் முண்டஸ். அது முழு முதுநிலைப் பட்டம். மாதம் 1,400 யூரோ. உலகின் எந்த மூலையிலிருந்தும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். நாம் பேசுவது அதுவல்ல. இதில் நீங்கள் உங்கள் கல்லூரியின் மாணவராகவே இருப்பீர்கள். 2 மாதம் முதல் 12 மாதம் வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துவிட்டுத் திரும்புவீர்கள். பட்டம் உங்கள் கல்லூரியே தரும். முனைவர் பட்ட மாணவர்களுக்கு 5 முதல் 30 நாள் வரையிலான குறும்பயணமும் உண்டு.

நேரடியாக விண்ணப்பிக்க முடியாது என்பதுதான் முதல் தடை. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் உங்கள் கல்லூரிக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும். அந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகம் உங்கள் நாட்டுக்கென்று தன் நாட்டில் எராஸ்மஸ் பணத்தைப் பங்கிடும் தேசிய முகமையிடம் நிதி கேட்டு வாங்கியிருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இடம். 'எங்களுக்கு எம்ஓயு இருக்கிறது' என்று கல்லூரி இணையதளத்தில் ஐரோப்பியக் கொடிகளோடு போட்டிருப்பதை நம்பி உட்காராதீர்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது வேறு, நிதி உள்ள எராஸ்மஸ் ஒப்பந்தம் என்பது வேறு. சர்வதேச உறவுகள் அலுவலகத்தில், இந்தப் பிரிவின் குறியீடான கேஏ 171-ஐச் சொல்லிக் கேட்க வேண்டிய கேள்வி இது: 'கேஏ 171 திட்டத்தில் இந்த ஆண்டு எந்தப் பல்கலைக்கழகத்தோடு, எத்தனை மாணவர் இடம், எந்தத் துறைக்கு?' 171 என்ற எண்ணைச் சொன்னதும் பதில் தெளிவாக வரும், அல்லது இல்லை என்பது தெளிவாகும். இரண்டும் நல்லதே.

இந்தியாவுக்கு இடங்கள் ஏன் குறைவு என்று பலர் கேட்கிறார்கள். காரணம் திட்ட விதியிலேயே இருக்கிறது. ஆசியாவுக்கான நிதியில் குறைந்தது 25 சதவீதம் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குப் போக வேண்டும். சீனாவுக்கு 15 சதவீதம், இந்தியாவுக்கு 10 சதவீதம் என்பது உச்ச வரம்பு. அதனால் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குக்கூட ஒரு ஒப்பந்தத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் வரும். இலங்கைக்கு இந்தத் தனி வரம்பு இல்லை. அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் கவனித்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தேர்வு முறையில் முதலில் பார்ப்பது மதிப்பெண். இரண்டு பேர் சமமாக நின்றால், பொருளாதாரத்தில் பின்தங்கியவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது விதி. முதல் பட்டதாரி, வருமானச் சான்றிதழ் போன்றவை உங்களிடம் இருந்தால் விண்ணப்பத்தோடு வையுங்கள். கேட்காவிட்டாலும் வையுங்கள்.

பணம்: கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்

மாத உதவித்தொகை போகும் நாட்டைப் பொறுத்தது. ஜெர்மனி, ஸ்வீடன், நெதர்லாந்து, பிரான்ஸ் போன்ற செலவு அதிகமான நாடுகளுக்கு 900 யூரோ. ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ் பக்கம் 850. போலந்து, ருமேனியா, ஹங்கேரி பக்கம் 800. 30 நாளை ஒரு மாதம் என்று வைத்து, மீதி நாட்களுக்கு முப்பதில் ஒரு பங்கு வீதம் கணக்கிடுவார்கள். தொடக்க நாள் என்பது நீங்கள் விமானம் ஏறும் நாள் அல்ல. நீங்கள் அங்கே இருந்தாக வேண்டிய முதல் நாள், அதாவது பெரும்பாலும் அறிமுக வாரத்தின் முதல் நாள்.

பயணப் பணம் தூரத்தைப் பொறுத்தது. 4,000 முதல் 7,999 கிலோமீட்டர் வரை 1,188 யூரோ. 8,000-ஐத் தாண்டினால் 1,735 யூரோ. இந்தத் தொகைகள் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு நிதி அறிவிப்பிலிருந்து வந்தவை. அதற்கு முந்தைய அறிவிப்பில் நிதி வாங்கிய திட்டங்களில் இவை 820-ம் 1,500-ம்தான். திட்டங்கள் 36 மாதம் வரை ஓடும் என்பதால், நண்பருக்கு ஒரு தொகை, உங்களுக்கு வேறு தொகை வர வாய்ப்புண்டு. 'எந்த ஆண்டு அறிவிப்பின் நிதி இது?' என்று கேட்டால் போதும்.

தூரத்தை அளப்பது ஒரு வழிக்கு, ஆனால் தரும் பணம் போகவர இரண்டுக்கும் சேர்த்து. இதைப் பலர் இரட்டிப்பாக எண்ணி ஏமாறுகிறார்கள். அளப்பதும் உங்கள் சொந்த ஊரிலிருந்து அல்ல, கல்லூரி இருக்கும் ஊரிலிருந்து, வானில் நேர்கோட்டில். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு தூரக் கணிப்பான் இருக்கிறது. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. சென்னையிலிருந்து பாரீஸ் 8,000 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. கோயம்புத்தூரிலிருந்து அளந்தால் சற்றே உள்ளே நிற்கிறது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே விமானம், வித்தியாசம் 547 யூரோ. எல்லைக்கு இவ்வளவு அருகில் இருப்பவர்கள் கணிப்பானின் பக்கத்தை அன்றைய தேதியோடு சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது சென்னையில் படிக்கும் ஒருவர் 130 நாள் தங்குகிறார் என்று வைத்துக்கொண்டு மூன்று ஊர்களை ஒப்பிடுவோம். பெர்லின் சுமார் 7,300 கிலோமீட்டர். 900 யூரோ வீதம் 130 நாளுக்கு 3,900, பயணம் 1,188, ஆக மொத்தம் 5,088. வார்சா சுமார் 6,800 கிலோமீட்டர். 3,467-ம் 1,188-ம் சேர்ந்து 4,655. மாட்ரிட் சுமார் 8,550 கிலோமீட்டர். மாதத்தொகை குறைவுதான், 3,683. ஆனால் பயணத்துக்கு 1,735 வருவதால் மொத்தம் 5,418. செலவு அதிகமான பெர்லினைவிட மாட்ரிட்டுக்கு 330 யூரோ கூடுதலாக வருகிறது! தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்களுக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் பணக் கணக்கில் மிகச் சாதகமான நாடுகள் என்பது இதிலிருந்து தெரியும். கொழும்பிலிருந்து பெர்லின்கூட சுமார் 7,800 கிலோமீட்டர், கீழ் வரம்புக்குள்தான் விழுகிறது.

ஜெர்மனிக்கு 900 யூரோ போதுமா? இழுத்துப் பிடித்தால் போதும். அங்கே மாணவர் மருத்துவக் காப்பீடே மாதம் 120 யூரோவுக்கு மேல் போய்விடும். மாணவர் விடுதியில் அறை கிடைத்தால் சமாளிக்கலாம். வெளியே தனியார் அறை என்றால் முனிக், ஹாம்பர்க் போன்ற ஊர்களில் பாதிப் பணம் வாடகைக்கே போகும். வீடொன்றுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். அது மோசடி அல்ல, கட்டியாக வேண்டும். வீட்டைப் பகிர்ந்திருந்தால் ஒருவர் கட்டினால் போதும். போலந்தில் இரண்டு பேர் தங்கும் விடுதி அறையில் இருந்துகொண்டு சமைத்துச் சாப்பிட்டால் 800 யூரோவில் மிச்சமே பிடிக்கலாம்.

பணம் எப்போது வரும் என்பதுதான் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி. இங்கே தெளிவாக இருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே முதல் தவணையைத் தருகின்றன. அது பல இடங்களில் மொத்தத் தொகையின் 70 அல்லது 80 சதவீதம். ஆக விமானச் சீட்டு, விசா, காப்பீடு, அறைக்கான முன்பணம், முதல் மாதச் செலவு எல்லாவற்றையும் நீங்கள்தான் முதலில் போட வேண்டும். ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டால், இரண்டு லட்சம் ரூபாய் அளவுக்குக் கையில் இருக்க வேண்டும். இந்தப் பணத்தைத் திரட்ட முடியாமல் கிடைத்த இடத்தை விட்டவர்கள் உண்டு. இது இந்தத் திட்டத்தின் உண்மையான குறை. ஏழை மாணவருக்கு முன்னுரிமை என்று விதி எழுதிவிட்டு, முதல் செலவை அவர் தலையிலேயே வைப்பது சரியல்ல. ஒரு வழி இருக்கிறது. விமானச் சீட்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக வாங்கித் தர விதி இடம் தருகிறது. உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் 'பயணச்சீட்டை நீங்களே எடுத்துத் தர முடியுமா?' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

இன்னொன்று. உங்கள் உதவித்தொகையிலிருந்து யாரும் 'ப்ராசஸிங் கட்டணம்' பிடிக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கென்று மாணவர் ஒருவருக்கு 500 யூரோ வீதம் பல்கலைக்கழகங்களுக்குத் தனியாக வருகிறது. இடைத்தரகர் எவரும் இந்தத் திட்டத்தில் கிடையாது. 'எராஸ்மஸ் சீட் வாங்கித் தருகிறோம்' என்று சொல்லும் கன்சல்டன்சி எதுவானாலும் கதவைச் சாத்துங்கள்.

அந்த ஒரு தாள்

லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது படிப்பு ஒப்பந்தம், என்பது சில பக்கப் படிவம். மூன்று கையெழுத்து வேண்டும்: மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் பல்கலைக்கழகம். அதில் இரண்டு அட்டவணைகள் முக்கியம். 'ஏ' அட்டவணையில் நீங்கள் அங்கே படிக்கப்போகும் பாடங்கள், அவற்றின் குறியீடு, செமஸ்டர், ஈசிடிஎஸ் எனும் ஐரோப்பிய முறை கிரெடிட். 'பி' அட்டவணையில் அவை உங்கள் கல்லூரியில் எந்தப் பாடங்களுக்கு ஈடாக ஏற்கப்படும் என்பது. ஆண்டுக்கு 60 ஈசிடிஎஸ், செமஸ்டருக்கு 30 என்பது முழுச் சுமை. ஒரு ஈசிடிஎஸ் என்றால் வகுப்பு, வீட்டுவேலை, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கல்லூரிகளின் கிரெடிட்டோடு இதை ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்க்க முடியாது.

தவறு நடப்பது 'பி' அட்டவணையில். பல கல்லூரிகளில் 'ஏ' பக்கத்தை மட்டும் நிரப்பி, 'பி' பக்கத்தை வெறுமையாக விட்டோ, 'விதிமுறைப்படி' என்று ஒரு சொல் எழுதியோ கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து மாணவர் மதிப்பெண் பட்டியலோடு வந்து நிற்கும்போது, 'இந்தப் பாடம் நம் பாடத்திட்டத்தில் இல்லையே' என்று பதில் வருகிறது. அப்போது கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஐந்தாம் செமஸ்டர் கணினிப் பொறியியல் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இங்கே அவருக்கு கம்பைலர் டிசைன், கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், இரண்டு எலெக்டிவ், ஒரு ஆய்வகம் இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலில் நெட்வொர்க்ஸ் 6 ஈசிடிஎஸ், எந்திரக் கற்றல் 6, தகவல் பாதுகாப்பு 5, ஒரு புராஜெக்ட் 8, உள்ளூர் மொழி 3 கிடைக்கிறது. கம்பைலர் இல்லை. துறைத் தலைவர் பாடத்துக்குப் பாடம் பொருத்தம் கேட்கிறார். இங்கே தெரிந்திருக்க வேண்டியது: ஒன்றுக்கு ஒன்று பொருந்த வேண்டும் என்று எராஸ்மஸ் விதி கேட்கவில்லை. ஒரு தொகுதிப் பாடங்களுக்கு ஈடாக இன்னொரு தொகுதியை ஏற்கலாம் என்று படிவத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆகவே நெட்வொர்க்ஸுக்கு நெட்வொர்க்ஸ், எந்திரக் கற்றலும் தகவல் பாதுகாப்பும் இரண்டு எலெக்டிவுக்கு, புராஜெக்ட் ஆய்வகத்துக்கு என்று எழுதலாம். கம்பைலர் மட்டும் மீதி. அதை அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு எழுதுவதா, இணையவழிப் பாடமாக முடிப்பதா என்பதையும் அதே தாளிலோ, இணைப்புக் கடிதத்திலோ எழுதிவிட வேண்டும். அந்த ஒரு பாடம் 'ஆப்சென்ட்' என்று பதிவாகி அரியராக மாறிவிட்டால், வளாக நேர்காணலில் 'அரியர் வரலாறு இல்லை' என்று கேட்கும் நிறுவனங்களின் முன் அது நிற்கும்.

எலெக்டிவ் அதிகமாக உள்ள செமஸ்டரைத் தேர்ந்தெடுத்துப் போவதே புத்திசாலித்தனம். இதை இரண்டாம் ஆண்டிலேயே திட்டமிட வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது துறைத் தலைவரோடு நிறுத்திவிடாதீர்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: அந்த செமஸ்டருக்கு வருகைப்பதிவு விலக்கு, பாட ஈடு, மதிப்பெண்ணை நம் கிரேடாக மாற்றும் முறை. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஜெர்மனியில் 1.0 என்றால் முதல் தரம், 5.0 என்றால் தோல்வி. இத்தாலியில் 30-க்கு 18 தேர்ச்சி. இதை இங்கே யாரோ ஒருவர் நேரடியாகச் சதவீதமாக்கினால் உங்கள் சிஜிபிஏ என்னாகும்? இணைக்கப்பட்ட கல்லூரி என்றால் கல்லூரி முதல்வரின் கையெழுத்து மட்டும் போதாது, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் இது எளிது.

அங்கே போன பிறகு பாடம் மாறும். ஏறக்குறைய எல்லோருக்கும் மாறும். ஆங்கிலத்தில் நடக்கும் என்று போட்டிருந்த பாடம் உள்ளூர் மொழியில் நடக்கும், இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் வரும், முன்தகுதி கேட்பார்கள். மாற்றத்துக்கென்றே படிவத்தில் தனிப் பகுதி இருக்கிறது. வகுப்பு தொடங்கிய ஐந்து வாரத்துக்குள் அதை நிரப்பி, மறுபடி மூன்று கையெழுத்தும் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஹெச்ஓடி 'ஓகே' சொன்னது கையெழுத்து ஆகாது. கிளம்பும் முன்பே, மாற்றத்துக்கு யார் மின்னஞ்சலில் கையெழுத்திட்டு அனுப்புவார் என்று ஒருவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டிப் பொருத்தமின்மை வேறு. நமக்கு ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவரை போகும், பல தேர்வுகள் அதற்குப் பிறகுதான். அங்கே முடித்துத் திரும்பும்போது இங்கே அடுத்த செமஸ்டரில் பாதி போயிருக்கும். ஸ்பெயினில் செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிவதால் இடைஞ்சல் குறைவு. பணக் கணக்கில் முன்னால் நின்ற நாடு நாட்காட்டியிலும் முன்னால் நிற்கிறது.

இனிஷியலும் விசாவும்

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அது பெயர். கல்லூரிச் சான்றிதழில் 'கண்ணன் மு.' என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் 'கண்ணன் முருகேசன்' என்று அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கும், அல்லது குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். வங்கிக் கணக்கில் மூன்றாவது மாதிரி. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப மென்பொருள் குடும்பப்பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. ஒருவர் அங்கே இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் பெயரையே இரண்டு முறை போடுவார். பிறகு அனுமதிக் கடிதம் ஒரு பெயரில், விசா ஒரு பெயரில், பணம் அனுப்பிய பெயர் வேறாக வந்து நிற்கும். வழி ஒன்றுதான்: முதல் படிவத்திலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி. குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அதை நிரப்பிக்கொள்வது நல்லது. 'இந்த இரண்டு பெயரும் ஒரே மாணவரைக் குறிக்கின்றன' என்று கல்லூரியின் முத்திரையோடு ஒரு சான்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

விசாவில் முதல் கேள்வி 90 நாள். அதற்குள் என்றால் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா, கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. 90 நாளைத் தாண்டினால் அந்தந்த நாட்டின் தேசிய விசா. ஒரு செமஸ்டர் என்றால் இதுதான். தேசிய விசாவுக்குப் பல வாரங்கள் ஆகும், அபாயின்ட்மென்ட் கிடைப்பதற்கே வாரங்கள் போகும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே நேரம் பதிவுசெய்யுங்கள்.

ஜெர்மனிக்கு ஒரு நுணுக்கம். மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ செலவுக்கு இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து விதி. எராஸ்மஸ் தருவதோ 900. மாதத்துக்கு 92 யூரோ இடைவெளி. ஐந்து மாதத்துக்கு 460 யூரோ. உதவித்தொகைக் கடிதம் இருக்கிறதே என்று இதைக் கவனிக்காமல் போனால் கோப்பு நின்றுவிடும். இடைவெளிப் பணத்தை எந்த வடிவில் காட்டுவது என்பதைத் துணைத்தூதரகத்தின் பட்டியலைப் பார்த்து, முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

விசாவுக்கான கடிதத்தில் பல்கலைக்கழகம் நான்கு விஷயங்களை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: தொடக்க, முடிவு நாள்; மாதத்தொகை; கல்விக் கட்டணம் இல்லை என்பது; பயிற்றுமொழி. ஒன்று குறைந்தாலும் திருத்திக் கேளுங்கள். தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பதால், விடுதிக்கு விண்ணப்பிப்பது விசாவுக்கு முன்பே நடக்க வேண்டும். பார்க்காத வீட்டுக்கு, தெரியாத ஆளுக்கு முன்பணம் அனுப்பவே கூடாது. 'நான் வெளியூரில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்பது பழைய மோசடி, இன்றும் ஆட்கள் விழுகிறார்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஓட்டம் தொடங்கிவிடும். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. இத்தாலியில் வந்து எட்டு வேலைநாளுக்குள் தபால் அலுவலகத்தில் கிடைக்கும் விண்ணப்ப உறையை நிரப்பி, 16 யூரோ முத்திரை ஒட்டி, தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பெயினில் ஆறு மாதத்துக்குள் திரும்புபவர்களுக்கு விசாவே போதும், அதைத் தாண்டுபவர்கள் மட்டும் முதல் 30 நாளுக்குள் தங்கும் அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு செமஸ்டர் மாணவருக்கு இதுவும் ஸ்பெயின் பக்கம் ஒரு புள்ளி.

கல்லூரியில் ஒப்பந்தமே இல்லை என்றால்

தனியாக விண்ணப்பிக்கக்கூடியவை உண்டு, ஆனால் அவை வகுப்புப் படிப்புக்கு அல்ல, ஆய்வகப் பயிற்சிக்கு. கனடாவின் 'மிடாக்ஸ் குளோபலிங்க்' பயிற்சி 12 வாரம், மே முதல் அக்டோபருக்குள். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும். புராஜெக்ட் பட்டியலிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இந்தியாவிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்தின் 'சார்பாக் லேப்' உதவித்தொகை ஒன்று முதல் மூன்று மாதம், மாதம் 700 யூரோ. அதற்கு அங்குள்ள ஆய்வகத்திலிருந்து அழைப்புக் கடிதத்தை நீங்களே எழுதி வாங்க வேண்டும். இவை கோடை விடுமுறையை ஒட்டி வருவதால் கிரெடிட் சிக்கல் குறைவு என்பது பெரிய நிம்மதி. ஆனால் இவற்றில் கலை, மானுடவியல் மாணவர்களுக்கான கதவு குறுகியது. எராஸ்மஸ் பிளஸ் வரலாறு, மொழியியல், சமூகப்பணி படிப்பவர்களுக்கும் அதே தொகையைத் தருகிறது. தமிழ் முதுகலை மாணவருக்கும் தரும், ஒப்பந்தத்தில் அந்தத் துறை இருந்தால்.

முடித்துத் திரும்பும்போது

கடைசித் தவணை தானாக வராது. பயணம் முடிந்ததும் ஐரோப்பிய ஆணையத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் மின்னஞ்சலில் வரும். அதை நிரப்பி அனுப்புவதுதான் மீதிப் பணத்துக்கான கோரிக்கை. அனுப்பிய 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். அது ஸ்பாம் பெட்டியில் விழுந்து, பணம் எங்கே என்று மாணவர் காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. கல்லூரி மின்னஞ்சலைவிட, நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைப் படிவத்தில் கொடுங்கள். அங்கே திறந்த வங்கிக் கணக்கை இந்தத் தவணை வரும்வரை மூட வேண்டாம்.

வருகைச் சான்றிதழில் தேதி முக்கியம். ஒப்பந்தத்தில் 130 நாள் என்றிருந்து, நீங்கள் 118-ஆம் நாளே சான்றிதழில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினால் மீதி நாட்களின் பணத்தைக் குறைப்பார்கள். காரணமில்லாமல் இரண்டு மாதம் முடிவதற்குள் திரும்பினால் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். வீட்டில் துக்கம், நோய் போன்ற காரணம் என்றால் உடனே எழுதித் தெரிவித்து, இருந்த நாட்களுக்கான தொகையைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

மதிப்பெண் பட்டியல், முடிவுகள் வெளியான ஐந்து வாரத்துக்குள் உங்கள் கல்லூரிக்கு அனுப்பப்பட வேண்டும். அதன் ஒரு பிரதி உங்களுக்கும் வரட்டும். அந்தப் பட்டியலை, கையெழுத்திட்ட 'பி' அட்டவணையை, மாற்றப் படிவத்தை, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கடிதத்தை ஒன்றாக இணைத்து, ஒரு முகப்புக் கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அடுத்த செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டும் தேதிக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கணினியில் அந்தப் பாடங்கள் எல்லாம் எழுதாதவையாகவே நிற்கும், நுழைவுச்சீட்டில் அவை மறுபடி வந்து விழும்.